முதலில் இலை, அப்புறம் பூ: கரோலினாவில் ஏழு நாள்

முதல் நாள், ஏப்ரல் 22

சித்தி தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் 31 வருடம் தாவரவியல் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக அமெரிக்கா வந்திருக்கிறார். வட கரோலினாவின் சார்லட் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே, பின்பக்க வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இதுல தானா இந்த மண்ணுல முளைச்சது எது, வெளிய இருந்து கொண்டாந்து வச்சது எது?"

பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். மலையில் தொடங்கிக் கடலோரச் சதுப்பில் முடிக்கத் திட்டம். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

சித்தியின் கைப்பையில் இருப்பவை: நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டும் சின்ன லென்ஸ், பவுடர் டப்பாவில் வருகிற மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி, 15 செ.மீ. ஸ்கேல், கோடு போட்ட நோட்டு. கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். "தலை குனிஞ்சு நிக்கிற பூவைப் பறிக்காம உள்ள பார்க்க" என்றார். அந்தக் கண்ணாடி இந்தப் பயணத்தில் எத்தனை தடவை வெளியே வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தென் கரோலினா எல்லை தாண்டி, பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. பின்னால் இருந்த கம்பி வேலியில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடந்தன. ஒன்றில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ, நல்ல வாசனை. இன்னொன்றில் நீளக் குழலாகச் சிவப்புப் பூ, வாசனை இல்லை. இரண்டையும் இங்கே ஹனிசக்கிள் என்றுதான் சொல்வார்கள். நான் பூவைப் போட்டோ எடுக்கப் போனேன்.

"ஏட்டி, பூவை அப்புறம் பாரு. முதல்ல இலை எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாரு."

இரண்டுமே எதிரிலை அமைவு. கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிரே. ஆனால் சிவப்புப் பூக் கொடியில், பூங்கொத்துக்கு நேர் கீழே இருக்கிற கடைசி ஜோடி இலைகள் இரண்டும் அடியில் ஒட்டி ஒரே வட்டத் தட்டாகிவிட்டன. தண்டு அந்தத் தட்டின் நடுவில் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. வெள்ளைப் பூக் கொடியில் நுனி வரை எல்லா இலையும் தனித்தனி. பூவே இல்லாத காலத்தில் வந்தாலும் இதை வைத்துச் சொல்லிவிடலாம். தட்டு இலை உள்ளது கோரல் ஹனிசக்கிள், இந்த மண்ணின் கொடி. ஹம்மிங்பேர்டுக்குப் பிடித்த பூ. மற்றது ஜப்பானிலிருந்து வந்து, காட்டின் ஓரமெல்லாம் ஏறி மூடிக்கொண்டிருக்கிற கொடி.

சித்தி கொஞ்ச நேரம் அந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம ஊர்ல உண்ணிச்செடி மாதிரி" என்றார். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரத்துக்காக வந்து மேற்குத் தொடர்ச்சி மலையை வளைத்துப் போட்ட செடி. இங்கே ஆசியாவிலிருந்து வந்தது அதே வேலையைச் செய்கிறது.

அதே வேலியின் அடியில் கைவைக்கப் போனவரைச் சட்டென்று இழுத்தேன். பாய்சன் ஐவி. போன வருடம் இதில் கை பட்டு மூன்று வாரம் கொப்புளத்தோடு அலைந்தவள் நான். சித்தி தொடாமல் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார்: மாற்றிலை அமைவு (கணுவுக்கு ஒரே இலை, மாறி மாறி), கூட்டிலை, மூன்று சிற்றிலைகள், நடுச் சிற்றிலைக்கு மட்டும் நீண்ட காம்பு, பக்கத்து இரண்டுக்கும் காம்பு இல்லாத மாதிரிதான். "என்ன குடும்பம்?" என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன்: அனகார்டியேசி. "அட, மா, முந்திரி, சேராங்கொட்டைக் குடும்பம்! சேராங்கொட்டைப் பால் பட்டா மேலெல்லாம் புண்ணாகுமே, அதே சங்கதிதான்." ஒரு புதுச் செடி சட்டென்று சொந்தக்காரச் செடி ஆகிவிட்டது.

மத்தியானம் ஜோகாசி ஏரிக்கரையில் டெவில்ஸ் ஃபோர்க் மாநிலப் பூங்கா. இங்கே வந்தது ஒகோனி பெல்ஸ் என்ற செடிக்காக. அது பூப்பது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. நாங்கள் பிந்திவிட்டோம் என்று தெரிந்தேதான் போனோம். "பூ இல்லாட்டி செடி இல்லன்னு ஆயிடுமா?" என்பது சித்தியின் கட்சி.

இந்தச் செடிக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1788இல் ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்த மலையடிவாரத்தில் இதைச் சேகரித்தார். அவர் எடுத்த மாதிரிச் செடியில் பூ இல்லை, காய் மட்டும் இருந்தது. 1839இல் பாரிஸில் அந்த உலர்ந்த மாதிரியைப் பார்த்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே, இது யாரும் பெயர் வைக்காத செடி என்று கண்டு பெயர் வைத்தார். ஆனால் உயிரோடு பார்க்க வேண்டுமே? மிஷோவின் குறிப்பில் கரோலினாவின் உயர்ந்த மலைகள் என்று இருந்தது. உயரத்தில் தேடினார்கள். வருடக்கணக்காகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1877இல் வட கரோலினாவில் மேரியன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கட்டாபா ஆற்றங்கரையில், ஜார்ஜ் ஹையம்ஸ் என்ற 17 வயதுப் பையன் கண்ணில் அது பட்டது. செடி உயரத்தில் வளர்வதே இல்லை. தாழ்வான ஓடைக் கரைகளில், நிழலில், ஈரம் வடிகிற சரிவில்தான் இருக்கிறது.

சித்திக்கு இந்தக் கதை இதற்கு முன் தெரியாது. காரில் நான் சொன்னதும் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் "இடம்" என்று ஒரு தலைப்புப் போட்டு, அடியில் கோடு போட்டார். அன்றிலிருந்து அவருடைய வரிசை: இடம், தண்டு, இலை, கடைசியாகப் பூ.

ஒரு மைல் நீளமுள்ள நடைபாதை. ஓடை இறங்குகிற இரண்டாவது வளைவில் தரையோடு தரையாக இருந்தது. எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளக்கும் வட்ட இலைகள், விளிம்பில் பல், நுனியில் லேசான பள்ளம். பூக்கள் உதிர்ந்து சிவந்த காம்புகள் மட்டும் நின்றன. பக்கத்திலேயே கேலக்ஸ் என்ற இன்னொரு செடி. அதே மாதிரிப் பளபளப்பு, அதே குடும்பம். கேலக்ஸ் இலையின் அடிப்பாகம் இதய வடிவத்தில் உள்ளே வெட்டியிருக்கும். ஒகோனி பெல்ஸ் இலை அடியில் குறுகி அப்படியே காம்புக்குள் இறங்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நான் பத்து முறை சரியாகச் சொன்ன பிறகுதான் சித்தி நகர்ந்தார்.

1973இல் அணை கட்டி ஏரியை நிரப்பியபோது இந்தச் செடியின் வாழிடங்களில் ஒரு பெரும் பங்கு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது அது நெஞ்சில் தங்கிவிடுகிறது. இதன் உறவுச் செடிகள் ஜப்பானிலும் சீனாவிலும் இருக்கின்றன. இதே இனம் என்றால் உலகத்திலேயே இந்த மலையடிவாரங்களில் மட்டும்தான்.

திரும்பி வரும் வழியில், வெயில் படுகிற மேட்டில், மவுண்டன் லாரல் புதர். எல்லாம் மொட்டாக இருந்தது. முறுக்கு அச்சில் பிழிந்து வைத்த மாதிரி வரிவரியான இளஞ்சிவப்பு மொட்டுகள். ஒரு கிளையில் மட்டும் நாலைந்து பூ விரிந்திருந்தது. சித்தி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கிண்ணம் போன்ற பூ. அதன் சுவரில் சுற்றிலும் பத்து சின்னப் பள்ளங்கள். பத்து மகரந்தத்தாள்களும் வில்லாக வளைந்து, தலையை அந்தப் பள்ளங்களில் செருகிக்கொண்டு நின்றன. கீழே கிடந்த ஒரு காய்ந்த ஊசியிலையை எடுத்து ஒரு தாளின் நடுவில் சித்தி மெல்லத் தொட்டார். டப்பென்று அது நிமிர்ந்து மகரந்தத்தூளை வீசியது. சித்தியின் லென்ஸ் மேல் வெள்ளைப் பொடி. தேனீ வந்து உட்கார்ந்தால் அதன் முதுகில் விழ வேண்டிய பொடி அது.

"பாடத்துல இப்படி ஒண்ணு போட்டிருந்தா பிள்ளைங்க தூங்கவே தூங்காதுங்க" என்றார்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 23

செரோகி வழியாக மலை ஏறினோம். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இருக்கும் இடம். அமெரிக்காவின் வேறெந்தத் தேசியப் பூங்காவிலும் இவ்வளவு இல்லை. பனி யுகத்தில் பனிப்பாறைகள் வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது இந்தத் தெற்கு மலைகள் வரை வரவில்லை. வடக்கே இடம் இழந்த செடிகளுக்கு இந்த மலைகள் புகலிடமாக இருந்தன. இங்கேயே இருந்தவையும் அழியாமல் தப்பின.

காரில் மேலே போகப் போக வசந்தம் பின்னோக்கிப் போகிறது. அடிவாரத்தில் மரமெல்லாம் பச்சை. பாதி வழியில் துளிர். 5,046 அடியில் நியூஃபவுண்ட் கேப் கணவாயில் இறங்கினால் மரங்கள் மொட்டை, காற்று ஊசியாகக் குத்துகிறது. சித்தி என் ஜாக்கெட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த மொட்டை மரங்களுக்கு அடியில் தரை முழுக்க வெள்ளைப் புள்ளி. ஸ்பிரிங் பியூட்டி. விரல் நீளச் செடி, ஐந்து இதழ், ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புக் கோடுகள் பூவின் நடுவை நோக்கி ஓடுகின்றன, வண்டுக்கு வழி காட்ட.

இதிலும் இரண்டு இருக்கிறது. கீழே சமவெளியில் வருவது புல் மாதிரி ஒல்லி இலை. மலையில் வருவது அகல இலை. பூவை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். என் போனில் இப்படி இலையே இல்லாத பூப் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து, அப்புறம் மண்ணுக்கு மேல் சுவடே இல்லாமல் போய்விடும் செடிகள் இவை. கிடைப்பது சில வார வெயில். மீதி வருடம் முழுக்கக் கிழங்காக மண்ணுக்குள்.

இன்னொரு விஷயம். ரோடோடென்ட்ரான் புதர்கள் வழியெல்லாம் இருந்தன, நீள இலை குளிருக்குச் சுருண்டு தொங்கிக்கொண்டு. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் உறவு. இந்த மலைவாசிகள் பழைய வழக்கில் ரோடோடென்ட்ரானை "லாரல்" என்பார்கள். நேற்றுப் பார்த்த மவுண்டன் லாரலை "ஐவி" என்பார்கள். ஊர்ப்பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் மூன்று செடி ஒன்றாகிவிடும். "அதுக்குத்தான் லத்தீன் பேரு" என்று சித்தி சொன்னது அவருடைய பழைய வகுப்பறைக் குரலில்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 24

இந்தப் பயணத்தின் மிக நல்ல நாள் இதுவாகத்தான் இருக்கும். கிரீன்பிரியர் பகுதியில் போர்ட்டர்ஸ் கிரீக் நடைபாதை. காலை ஏழரைக்கு உள்ளே போனவர்கள் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தோம். நடந்தது மொத்தம் நாலு மைல்கூட இருக்காது.

முதலில் ஒரு சங்கடம். சித்தி குற்றாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செடி பறித்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி, உலர் தாவரத் தொகுப்பு செய்யச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். இங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது, சட்டம். நுழைவிடத்தில் பலகையைப் படித்துச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "நாங்க எவ்வளவு பறிச்சிருக்கோம்" என்றார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் நான் விரித்த ரெயின்கோட்டின் மேல் குப்புறப் படுத்துவிட்டார். வயது 67. போவோர் வருவோர் எல்லாம் காலைத் தள்ளி வைத்து, மரியாதையாகச் சுற்றிப் போனார்கள்.

ட்ரில்லியம். எல்லாம் மூன்று. மூன்று இலை வட்டமாக, மூன்று புல்லி இதழ், மூன்று அல்லி இதழ், மகரந்தத்தாள் ஆறு. இந்தப் பூங்காவில் மட்டும் பத்து வகை இருக்கிறது. பார்த்ததும் முதல் கேள்வி: பூவுக்குக் காம்பு உண்டா? காம்பில்லாமல் இலைகளின் நடுவில் நேரே உட்கார்ந்திருந்தால் ஒரு கூட்டம். காம்பு இருந்தால் அடுத்த கேள்வி: பூ நிமிர்ந்திருக்கிறதா, இலைக்குக் கீழே தலை குனிந்திருக்கிறதா? காம்பில்லாத கூட்டத்தில் மஞ்சள் ட்ரில்லியத்துக்கு இலையில் புள்ளி புள்ளியாகப் பச்சைத் தேமல்; முகர்ந்தால் எலுமிச்சை. பெரிய வெள்ளை ட்ரில்லியம் காம்புள்ளது, வயதாக ஆக இதழ் ரோஜா நிறத்துக்கு மாறும். ஒரே சரிவில் வெள்ளையும் ரோஜாவுமாக நிற்கும்போது இரண்டு இனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அப்படித்தான் எழுதிவைத்தேன். சித்தி அடித்துவிட்டு "ஒரே இனம், வயது வேறு" என்று திருத்தினார்.

விதையிலிருந்து முதல் பூ வர ட்ரில்லியத்துக்கு ஏழு வருடம் வரை ஆகலாம். விதையின் ஓரத்தில் கொழுப்பான ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையை இழுத்துக்கொண்டு போய், தின்றுவிட்டு, விதையைத் தன் குப்பையில் போடும். அங்கே முளைக்கும். எறும்பு போகிற தூரம்தான் இதன் பயணம். அதனால்தான் ஒரு முறை உழுது அழித்த காட்டுக்கு இது எளிதில் திரும்பி வருவதில்லை.

ஜாக்-இன்-த-பல்பிட் செடி ஒன்றைச் சித்தியே கண்டுபிடித்தார். மூன்று சிற்றிலை இருந்ததால் நான் பாய்சன் ஐவி என்று கத்தினேன். "மரத்தண்டு எங்கட்டி இருக்கு? சதைத் தண்டு பாரு. பூவைச் சுத்தி மடல் பாரு. இது சேம்பு, சேனைக் குடும்பம்." மடல் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக வரி வரியாக மேலே எழும்பி, கூரை மாதிரி முன்னால் வளைந்து, உள்ளே நிற்கிற கதிரை மூடியிருந்தது. சேனை வாயில் அரிப்பதற்குக் காரணமான அதே ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு. இதில் ஓர் ஆச்சரியம்: கிழங்கு சின்னதாக இருக்கிற வருடங்களில் செடி ஆண், உணவு சேர்ந்து கொழுத்த வருடத்தில் பெண். சத்துக் குறைந்தால் மறுபடி ஆண். சித்தி கண்ணாடியை மடலுக்குள் சாய்த்துக் கதிரின் அடியைப் பார்த்தார். பச்சை மணிகள். "இந்த வருஷம் இது அம்மா" என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் லிட்டில் பிரவுன் ஜக். பெயருக்கேற்ற சின்ன மண்கூஜா. இதய வடிவ இலைக்குக் கீழே, சருகை விரலால் விலக்கினால்தான் தெரியும்; பூ தரையில் கிடக்கிறது. வழியோடு போகிறவர்கள் இலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சித்தி இலையைக் கசக்காமல், தேய்த்த விரலை மட்டும் முகர்ந்துவிட்டு "காரமா இருக்கு, இஞ்சி மாதிரி" என்றார். போனில் குடும்பம் பார்த்தோம். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இருக்கிற குடும்பம். சித்தி சருகை மறுபடி இருந்தபடியே மூடி வைத்தார்.

ஒன்றரை மைலுக்கு அப்பால் ஃபேசீலியா. விளிம்பெல்லாம் கொசுவம் வைத்து வெட்டின மாதிரி சின்ன வெள்ளைப் பூ, ஆயிரக்கணக்கில், பாறை மேலும் மரத்தடியிலும் பனி பெய்த மாதிரி. சீசன் முடிகிற நேரம், பாதி உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதியே அரை மணி நேரம் எங்களைப் பிடித்து வைத்தது. அந்த இடத்தில் எதையும் எண்ணவில்லை, அளக்கவில்லை.

நான்காம் நாள், ஏப்ரல் 25

மழை. கிழக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் கார். பிளாஸ்கில் போட்டு வந்த டீ, எலுமிச்சைச் சாதம். சித்தி நோட்டைச் சுத்தமாகப் படியெடுத்தார். ராத்திரி சதர்ன் பைன்ஸ் ஊரில் தங்கல்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 26

வேமவுத் உட்ஸ் என்ற பைன் காடு. மலை முடிந்து மணல் தொடங்கிவிட்டது. நேற்று வரை ஈரம், நிழல், கறுப்பு மண். இன்று வெள்ளை மணல், வெயில், உயர உயரமான லாங்லீஃப் பைன் மரங்கள். கன்றாக இருக்கையில் இந்த மரம் பல வருடம் புல் கொத்து மாதிரியே தரையில் உட்கார்ந்திருக்கும். நெருப்பு வந்தால் நீள ஊசியிலைகள் கருகும், நடுக் குருத்து தப்பிவிடும். வேர் ஆழமாக இறங்கிய பிறகு ஒரேயடியாக மேலே எழும்பும். ஒரு காலத்தில் தென்கிழக்கில் 9 கோடி ஏக்கர் வரை இந்தக் காடு இருந்தது. இன்று அதில் ஒரு சிறு துண்டுதான் மிச்சம். இங்கே நிற்கிற ஒரு மரம் 1548இல் முளைத்தது என்று வளையம் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

காட்டில் ஒரு பக்கம் கருகிக் கிடந்தது. சித்தி பதறிவிட்டார். வேண்டுமென்றே, காலம் பார்த்து வைக்கிற நெருப்பு என்று சொன்னேன். நம்பவில்லை. நடந்து அதற்குள் போனோம். கரிக்கு நடுவில் வயர்கிராஸ் என்ற புல் பச்சையாகக் குத்துக் குத்தாக எழும்பியிருந்தது. இந்தப் புல் நன்றாகப் பூத்து விதைக்க வேண்டுமானால் வளரும் பருவத்தில் நெருப்பு படவேண்டும். நெருப்பே வராமல் விட்டால் ஓக் மரங்களும் புதர்களும் மேலே வந்து வெயிலை மூடிவிடும். தரையில் உள்ள எல்லாம் போய்விடும்.

மணலில் இரண்டு செடி. பறவைக்கால் வயலெட்: இலை பறவையின் பாதம் மாதிரி விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது, பூ போன பிறகும் ஏமாற்றாது. இன்னொன்று சாண்ட்ஹில் லூபின். லூபின் என்றாலே உள்ளங்கை விரித்த மாதிரிக் கூட்டிலை என்றுதான் புத்தகம் சொல்லும். இது தனி இலை, முழுக்க வெள்ளி ரோமம், தொட்டால் பூனைக் காது. கொதிக்கிற மணலில் நீர் இழக்காமல் இருக்க அந்த ரோமம். "இடத்தைப் பார்த்தா இலை ஏன் இப்படின்னு தெரிஞ்சிடுது" என்று சித்தி சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் வரைந்த லூபின் இலை அந்த நோட்டிலேயே அழகான படம்.

ஆறாம் நாள், ஏப்ரல் 27

கிரீன் ஸ்வாம்ப். வட கரோலினாவின் தென்கிழக்கு மூலை, கடல் பக்கம்தான். இலையை மூடிப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வீனஸ் பூச்சிப்பொறி இயற்கையாக வளர்வது உலகத்தில் இங்கே மட்டும்: வில்மிங்டன் நகரைச் சுற்றிச் சுமார் 100 மைலுக்குள், இரண்டு கரோலினாக்களிலும். 1759இல் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் இதைப் பற்றி எழுதினார். டார்வின் இதை உலகின் மிக அற்புதமான தாவரங்களில் ஒன்று என்றார்.

பாதை முதலில் புதர்க்காட்டுக்குள் நுழைகிறது. இங்கே எல்லாமே பச்சைத் தோல் இலைப் புதர்கள், பார்வைக்கு ஒன்று போலவே. இங்கேதான் சித்தியின் முறைக்கு உண்மையான பரீட்சை. ஃபெட்டர்புஷ்: இலை விளிம்பை ஒட்டியே ஒரு நரம்பு, தையல் போட்ட மாதிரி, அடியிலிருந்து நுனி வரை ஓடுகிறது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் பளிச்சென்று தெரிகிறது; வேறெந்தப் புதரிலும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கால்பெர்ரி: இலை நுனிப் பக்கம் மட்டும் இரண்டு மூன்று சின்னப் பல். வேக்ஸ் மர்ட்டில்: இலையில் லென்ஸ் வைத்தால் பொன் நிறப் புள்ளிகள், தேய்த்தால் வாசனை, இதன் காயில் இருக்கிற மெழுகில்தான் பழைய நாளில் மெழுகுவர்த்தி செய்தார்கள். ஸ்வீட்பே மக்னோலியா: காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகத் திரும்பும், தூரத்திலிருந்தே தெரியும். இந்த நாலையும் பூ எதையும் பார்க்காமல் சொன்னேன். சித்தி என் தலையைத் தட்டினார். எட்டாம் வகுப்பில் அவர் வீட்டில் தங்கிப் படித்தபோது தட்டின மாதிரியே.

புதர்க்காட்டைத் தாண்டினால் திடீரென்று வெளிச்சம். பைன் மரங்கள், அடியில் புல்வெளி, காலுக்குக் கீழே சொதசொதவென்று ஈரம். முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் பிட்சர் செடியின் பூ. இது நம் பாடப்புத்தக நெப்பந்தஸ் இல்லை, வேறு குடும்பம்; குடுவை கொடியில் தொங்காது, தரையிலிருந்து நேராக எழும்பும். பூ தலைகீழாகத் தொங்குகிறது. சித்தியின் கண்ணாடி வெளியே வந்தது. உள்ளே சூல்தண்டு கவிழ்த்துப் பிடித்த குடை மாதிரி விரிந்து நிற்கிறது, குடையின் ஐந்து முனையிலும் ஒரு சூல்முடி. தேனீ உள்ளே போகையில் அந்த முனையை உரசியே போக வேண்டும். தான் கொண்டு வந்த மகரந்தத்தை வாசலிலேயே கொடுத்துவிடுகிறது. உள்ளே உதிர்ந்த தூள் குடையில் சேர்ந்து கிடந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணாடியில் பார்த்தோம்.

அப்புறம் சித்தி "அழுகண்ணி!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். சன்டியூ. ஒரு ரூபாய் நாணய அளவு செடி, சிவப்பு, இலை முடி ஒவ்வொன்றிலும் ஒரு பசைத் துளி. நம் ஊர் ஈரப் புல்வெளிகளிலும் இதே பேரினம் உண்டு. தாத்தா காலத்து வைத்தியப் பெயர் இங்கே வந்து அப்படியே பொருந்தி நின்றது.

பூச்சிப்பொறியைத் தேட அரை மணி ஆனது. பெரிதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்து வருகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற செடி. பொறி ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. புதர் முடிந்து புல் தொடங்குகிற விளிம்பில், ஈர மணலில், புல்லை விலக்கினால்தான் தெரிந்தது. ஒவ்வொரு மடலிலும் மூன்று மெல்லிய முடி. இருபது நொடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் மூடும். ஒரு மழைத்துளிக்கு ஏமாறாது. தொட்டுப் பார்க்க எனக்கு விரல் துறுதுறுத்தது. சித்தி கையைப் பிடித்துக்கொண்டார். வீணாக மூடினால் திரும்ப விரிய அரை நாளுக்கு மேல் ஆகும், அந்தச் சக்திக்கு அது சாப்பாடு சம்பாதித்தாக வேண்டும். அதற்குள் ஒரு எறும்பு தானாகவே வந்து ஏறியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு முடியைத் தொட்டது. அப்படியே விளிம்பு தாண்டி இறங்கிப் போய்விட்டது. பொறி திறந்தே இருந்தது.

பூத்தண்டுகள் மொட்டோடு எழும்பத் தொடங்கியிருந்தன. பொறிகளுக்கு வெகு உயரத்தில் பூக்கும், மகரந்தம் கொண்டு வருகிற பூச்சியைத் தின்றுவிடாமல் இருக்க.

நாலடி தள்ளி மணலில் மூன்று குழி. கரண்டியால் நோண்டின மாதிரி வட்டமாக, புதிதாக. யாரோ செடிகளை எடுத்துப் போயிருக்கிறார்கள். வட கரோலினாவில் 2014 டிசம்பரிலிருந்து இது பெருங்குற்றம், சிறைத் தண்டனை உண்டு. நர்சரியில் வளர்த்த செடியே கடையில் மலிவாகக் கிடைக்கிறது. எதற்கு இங்கே வந்து தோண்ட வேண்டும்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சித்தி குழியில் ஸ்கேலை வைத்து அளந்து, நோட்டில் எழுதி, போட்டோ எடுக்கச் சொன்னார். நுழைவிடத்துப் பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னோம். இங்கே நான் போடும் படங்களில் இந்தச் செடி இருக்கிற இடம் தெரியும்படியானது எதையும் சேர்க்கவில்லை. நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள்.

ஏழாம் நாள், ஏப்ரல் 28

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். சித்தி பெட்டியைக்கூடத் திறக்காமல் நோட்டோடு பின்பக்க வேலிக்குப் போனார். நானும் போனேன்.

இடம்: ஓடைக்குப் போகிற சரிவு, அரை நிழல். வேலியை மூடியிருந்ததில் பெரும்பகுதி பிரிவெட், சீனாவிலிருந்து வந்த புதர், சின்ன எதிரிலைகள். அதற்கு நடுவில் அகலமான எதிரிலையோடு ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக அதையும் பிரிவெட் என்று நினைத்து வருடா வருடம் வெட்டிவிட்டிருக்கிறேன். சித்தி தண்டை நகத்தால் லேசாகக் கீறி என் மூக்குக்கு நேரே பிடித்தார். கிராம்பு வாசனை. இலையை விலக்கினால் அரக்கு நிறத்தில் ஒரு பூ, பட்டை பட்டையாக இதழ்கள். புல்லி எது, அல்லி எது என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிப் பூவிதழ்கள். கரோலினா ஆல்ஸ்பைஸ். இந்த மண்ணின் புதர்.

"பூவிதழ் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுட்டி" என்று பேனாவைத் திறந்தார். பறிக்காமல் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். சாயங்காலம் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, அடுத்த முறை கத்தரிக்கோலோடு வரும்போது தெரியும்படி, அந்தக் கிளையில் ஒரு துண்டு கட்டி வைத்தோம்.